நாடகமும் கோமாளி வேஷமும்

(நாடகக் குழுவொன்றின் ஒத்திகைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீங்கள் புதிதாய் ஒரு நாடகம் தயாரித்து வருவதாகவும், கதையை முதலிலேயே எழுதி வைத்துக் கொள்ளாமல் எல்லோரும் கூடி ஆடிப் பார்த்தும் பேசிப் பார்த்தும் காட்சி காட்சியாய்க் கட்டி வருவதாகவும், அதில் கோமாளி வேஷத்தையும் முகச் சாயத்தையும் எப்படிப் பயன்படுத்துவது என்பதில் உங்களுக்குள் இரண்டு மூன்று அபிப்பிராயங்கள் இருப்பதாகவும், ஆதலால் நான் வந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றும் உங்கள் காரியதரிசி எனக்கு எழுதியிருந்தார். நான் நடிகனல்லன். நாடக சாஸ்திரம் படித்தவனுமல்லன். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பிறகு கைக்குக் கிடைத்த புத்தகங்களைப் படித்துக் கொண்டவன். ஜனங்கள் எந்தப் பேச்சுக்குச் சிரிக்கிறார்கள், எந்தப் பேச்சுக்கு எழுந்து போகிறார்கள் என்பதை மேடையில் நின்று இருபது வருஷமாய்ப் பார்த்து வருகிறவன் என்கிற யோக்கியதையைத் தவிர வேறு யோக்கியதை இவ்விஷயத்தில் எனக்குக் கிடையாது. ஆகவே நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் சாயம் என்கிற சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேஷத்துக்கு முகத்தில் பூசுவதை நாம் அரிதாரம் என்கிறோம். அரிதாரம் என்பது உண்மையில் ஒரு மஞ்சள் கல். கந்தகமும் ஆர்சனிக் என்கிற நஞ்சும் சேர்ந்தது. அந்தக் கல்லை இழைத்துப் பூசி வந்ததால் முகப்பூச்சு முழுவதற்குமே அதன் பேர் நிலைத்துவிட்டது. ஐரோப்பாவில் என்ன வாழ்ந்தது என்றால், அங்கே ஈய வெள்ளையைப் பூசினார்கள். அதுவும் நஞ்சுதான். ராஜா வேஷக்காரனுக்கும் நஞ்சு, கோமாளிக்கும் நஞ்சு. 1873இல் பெர்லின் நகரத்தில் லைக்னர் என்கிற பாடகர் ஒருவர் ஈயம் சேராத பூச்சைத் தயாரித்து விற்க ஆரம்பித்தார். முகத்துக்கு வந்த இந்த விமோசனம் எந்த அம்மன் கோயில் மண்ணாலும் வரவில்லை, ரசாயன சாஸ்திரத்தால் வந்தது என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

நிற்க, சாயத்தில் இரண்டு தினுசு உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒன்று, இது சாயம் என்பதை நீங்கள் மறந்துவிட வேண்டும் என்று கேட்கிற சாயம். முகத்தில் நீலத்தைப் பூசிக்கொண்டு ஒருவன் மேடைக்கு வருகிறான். சற்று முன் வாசலில் பீடி குடித்துக் கொண்டிருந்தவன்தான். ஆனாலும் கிழவிகள் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். அங்கே சாயம் மூளைக்கு மேல் ஏறிவிடுகிறது. மற்றொன்று, ‘நான் சாயம்தான், நன்றாய்ப் பார்த்துக் கொள்’ என்று சொல்லுகிற சாயம். கோமாளியின் சாயம் இந்த இரண்டாவது தினுசைச் சேர்ந்தது. கோமாளியின் சிவப்பு மூக்கைப் பார்த்து, மனிதனுக்கு இப்படி மூக்கு உண்டென்று எந்தக் குழந்தையும் ஏமாறுவதில்லை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பாருங்கள். ராஜாவுக்குக் கிரீடம், புஜகீர்த்தி, முகம் நிறையப் பூச்சு. கட்டியங்காரனுக்கு இவ்வளவு கிடையாது. அவன்தான் ராஜாவின் பக்கத்தில் நின்று, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்கிறான். மகாபாரதத்து ராஜாவிடம் இன்றைய அரிசி விலையைப் பேசுகிறான். கிரீடத்தின் கனத்தைக் குறைக்க அவன் ஒருவன் போதும்.

நீங்கள் இப்போது செய்துவரும் காரியத்துக்கு மிகவும் பொருத்தமான ஒரு சம்பவத்தை இனிச் சொல்லுகிறேன். ஜெர்மனியில் மியூனிக் என்கிற ஊர். 1924ஆம் வருஷம். பிரெக்ட் என்கிற நாடக ஆசிரியர் அப்போது இருபத்தாறு வயது வாலிபர். இங்கிலீஷில் மார்லோ என்பவர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய இரண்டாம் எட்வர்டு ராஜா நாடகத்தை, ஃபாய்க்ட்வாங்கர் என்கிற எழுத்தாளரோடு சேர்ந்து தம் இஷ்டப்படி மாற்றி எழுதி ஒத்திகை நடத்திக் கொண்டிருந்தார். அதில் ஒரு பெரிய யுத்தக் காட்சி வருகிறது. சிப்பாய்களை மேடையில் எப்படி நிறுத்துவதென்று பிரெக்டுக்குப் புலப்படவில்லை. நடிகர்களோ, சிப்பாய் என்றவுடன் மார்பை நிமிர்த்திக் கர்ஜிக்கிறவர்கள். எப்படி நிறுத்தினாலும் பொய்யாகவே இருந்தது.

அந்த ஊரில் கார்ல் வாலன்டின் என்று ஒரு கோமாளி. பீர்க்கடை மேடைகளில் ஆடிப் பேர் வாங்கியவர். மெலிந்து நெடுநெடுவென்று வளர்ந்த உருவம். கையிலெடுத்த சாமான் ஒவ்வொன்றோடும் வழக்காடுவதே அவருடைய வேடிக்கை. பண்டிதர்கள் அவரை ஒரு பொருட்டாய் நினைத்திருக்க மாட்டார்கள். பிரெக்டோ அவருடைய கோஷ்டியில் கூட நின்று குழல் வாசித்தவர். அந்தக் கோமாளியிடம், யுத்தத்தில் நிற்கும் சிப்பாய்கள் எப்படி இருப்பார்கள் என்று பிரெக்ட் கேட்டார். அவர்களுக்குப் பயமாயிருக்கும், முகம் வெளுத்துப் போயிருக்கும் என்பதுதான் கோமாளி சொன்ன பதில். இதைக் கேட்டவுடன் நடிகர்கள் முகத்திலெல்லாம் சுண்ணாம்பு வெள்ளையைத் தடிப்பாய் அப்பச் சொன்னார் பிரெக்ட். அன்றைக்கே அந்த நாடகத்தின் போக்கு முழுவதும் அகப்பட்டுவிட்டதாம். பிற்காலத்தில் பிரெக்ட் இதைத் தம் நண்பர் வால்ட்டர் பெஞ்சமினிடம் சொல்லி, அவர் குறித்து வைத்திருக்கிறார்.

தோழர்களே, 1924 என்பதைக் கவனியுங்கள். முதல் உலக யுத்தம் முடிந்து ஆறு வருஷங்கூட ஆகவில்லை. சண்டைக்குப் போய்த் திரும்பியவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களும் நிறைந்த ஊர் அது. வீரம், தேசம், ராஜபக்தி என்று மேடைக்கு மேடை பேசியவர்கள் எல்லோரும் சிப்பாயின் முகத்துக்கு ரோஜா நிறம் பூசிக் காட்டினார்கள். ஒரு கோமாளிதான் அது வெள்ளை என்று சொன்னார். அவர் வேடிக்கை செய்வதற்காக அப்படிச் சொல்லவில்லை. பயந்தவன் முகம் வெளுக்கும் என்பது ஒரு சாதாரண உண்மை. அந்த உண்மையை இயற்கையாய் இருப்பதைக் காட்டிலும் தடிப்பாய்ப் பூசிக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி செய்ததுதான் அங்கே சாயம் செய்த வேலை. நீங்கள் போன வாரமெல்லாம் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து புருவத்துக்கு எந்த நிறம், கன்னத்துக்கு எந்த நிறம் என்று பரீட்சை செய்ததாய்ச் சொன்னீர்கள். பிரெக்ட் கண்ணாடியிடம் கேட்கவில்லை. இந்த மனிதனுக்கு இந்த இடத்தில் என்ன நேர்ந்திருக்கிறது என்று கேட்டார். பதில் வந்தவுடன் நிறம் தானாய் வந்துவிட்டது.

பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி ஆரம்பித்த லெகாக் என்கிற ஆசிரியர் இன்னொரு சங்கதியைக் கண்டுபிடித்தார். 1960களில் தம் மாணவர்களை ஒவ்வொருவராய் நடுவில் விட்டு, எங்களைச் சிரிக்க வை என்றார். மாணவர்கள் குட்டிக்கரணம் போட்டார்கள், முகத்தைக் கோணினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தோற்றுப்போய், சங்கடப்பட்டுத் தம் இடத்துக்குத் திரும்பினார்களே, அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ஆகவே நீங்களும் பிரயாசைப்பட்டுக் கோமாளித்தனம் செய்வதைவிட, ஒரு காரியத்தை உண்மையாகவே செய்ய முயன்று அது முடியாமல் போவதை ஜனங்கள் பார்க்கும்படி விட்டால் போதும். மூக்கில் சிவப்புப் பந்து மாட்டியதாலேயே ஒருவன் கோமாளியாகிவிட மாட்டான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, கோமாளி என்றாலே நல்லவன், அவனுடைய சாயமெல்லாம் யோக்கியமான சாயம் என்று நான் சொல்லுவதாய் நினைத்துவிடாதீர்கள். கோமாளி எல்லோரையும் கேலி செய்வான், அவனுக்கு மேல் கீழ் கிடையாது என்று இங்கே ஒரு தோழர் சொன்னார். அது சரியல்ல. சர்க்கஸிலேயே மேல் கோமாளி, கீழ்க் கோமாளி என்று உண்டு. ஐரோப்பிய சர்க்கஸில் முகம் முழுவதும் வெள்ளை பூசிப் பளபளக்கும் உடுப்புப் போட்டவன் எஜமானன். தொளதொள உடுப்புப் போட்ட மற்றொருவனுக்கு ‘ஓகுஸ்த்’ என்று பேர். புத்தி சொல்லுவது வெள்ளை முகம், அடி வாங்குவது ஓகுஸ்த்.

பாரிஸ் நகரத்தில் 1890கள் முதல் பல வருஷம் ஒரு ஜோடி பிரசித்தமாயிருந்தது. வெள்ளை பூசிய எஜமானனாய் வந்தவர் ஃபூட்டிட் என்கிற இங்கிலீஷ்காரர். அடி வாங்கியவர் ரஃபேல் என்கிற நீக்ரோத் தோழர். கியூபா நாட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். மேடையில் அவருக்கு ‘ஷொக்கொலா’, அதாவது சாக்லேட், என்று பேர் வைத்தார்கள். நல்ல வித்தைக்காரர். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிக் குழந்தைகளுக்கு ஆடிக் காட்டியவர். ஆனால் ஜனங்கள் டிக்கெட் வாங்கியதெல்லாம் வெள்ளைக் கை கறுப்புக் கன்னத்தில் விழும் சத்தத்தைக் கேட்கத்தான். அந்தக் காட்சியில் வெள்ளைக்காரனுக்குத் தன் சொந்த வெள்ளை போதவில்லை, அதன்மேல் சாயமும் பூசிக்கொண்டான் என்பதை யோசித்துப் பாருங்கள். ரஃபேல் 1917இல் போர்தோ நகரத்தில் ஏழையாய்ச் செத்தார்.

அமெரிக்காவில் இதைவிட மோசம். 1830ஐ ஒட்டி ரைஸ் என்கிற வெள்ளை நடிகன் முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு ‘ஜிம் குரோ’ என்ற பேரில் நீக்ரோவைப்போல் ஆடிக் காட்டினான். அந்த ஆட்டம் தேசம் முழுவதும் பரவிற்று. பிறகு நீக்ரோக்களைத் தனி ரயில் வண்டியிலும் தனிப் பள்ளிக்கூடத்திலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கே அந்தக் கோமாளியின் பேர் வந்து ஒட்டிக் கொண்டது. பெர்ட் வில்லியம்ஸ் என்கிற நடிகர் (1874–1922) உண்மையிலேயே நீக்ரோ வம்சத்தவர். அவருங்கூடத் தம் முகத்தில் கருக்கிய தக்கையைப் பூசிக்கொண்டால்தான் மேடை கிடைத்தது. அவருடைய சொந்த நிறம் வெள்ளைக்காரன் நினைத்து வைத்திருந்த அளவுக்குக் கறுப்பாயில்லையாம்!

இனி உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். சற்று முன் நீங்கள் ஆடிக் காட்டிய இரண்டாவது காட்சியில், பண்ணையார் வீட்டு வேலையாள்தான் கோமாளி. அவன் முகத்தில் கரியைப் பூசி, உதட்டைச் சுற்றி வெள்ளை போட்டு, சொல்லைத் தப்பும் தவறுமாய்ப் பேச வைத்து, பண்ணையார் கையால் ஆறு தடவை அடியும் வாங்க வைத்திருக்கிறீர்கள். இங்கே கூடியிருக்கும் தோழர்கள் சிரித்தீர்கள். நீங்கள் யாரும் பண்ணை வேலை செய்து அடி வாங்கியவர்களல்ல. இதே நாடகத்தைச் சேரியில் போய்ப் போடப் போகிறோம் என்கிறீர்கள். அங்கே முன்னால் உட்காரப் போகிறவர்கள் யார்? அந்தக் கரி முகத்துக்குச் சொந்தக்காரர்கள். அவர்கள் பேச்சைத்தான் நீங்கள் தப்பும் தவறும் என்கிறீர்கள். அவர்களும் மரியாதைக்காகச் சிரிப்பார்கள். பண்ணையார் வீட்டில் எத்தனை தடவை அப்படிச் சிரித்திருப்பார்கள்! பண்ணையாரைக் கண்டிக்கத்தான் இந்தக் காட்சி என்று உங்கள் காரியதரிசி சொல்லுகிறார். இருக்கலாம். ஆனால் ஜனங்கள் சிரிக்கிறது அடிக்கிறவனைப் பார்த்தா, அடிபடுகிறவனைப் பார்த்தா என்று பாருங்கள். சிரிப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் உங்கள் நாடகத்தின் கண்டனமும் விழும்.

நான் சொல்லுவது இதுதான். வேலையாளுக்குச் சாயமே வேண்டாம். அவன் தன் முகத்தோடு வரட்டும், நீங்கள் பேசுகிறதைப்போலவே பேசட்டும். சாயத்தையெல்லாம் பண்ணையாருக்குப் பூசுங்கள். அதையும் திரைக்குப் பின்னால் பூசாமல் ஜனங்கள் பார்க்கும்படி மேடையிலேயே பூசுங்கள். நெற்றிக்கு ஒரு பட்டை, அந்தஸ்துக்கு ஒரு பட்டை, தாத்தா பெருமைக்கு ஒரு பட்டை என்று ஒவ்வொன்றாய் ஏறட்டும். கண்ணாடி பிடிக்கிறவன் வேலையாளாய் இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் பூசுங்கள் எஜமான், இந்தக் காதோரம் மனிதத் தோல் தெரிகிறது என்று அவன் சொல்லட்டும். பிறகு பண்ணையார் அடிக்கக் கை ஓங்கட்டும். வேர்வையில் சாயம் வழியும். வேலையாளை அடிப்பதா, முகத்தைத் தாங்கிப் பிடிப்பதா என்று அவர் திண்டாடுகிற திண்டாட்டத்தில் சிரிப்பு வருகிறதா இல்லையா, பாருங்கள்.

எந்த மாதிரி முகம் போடுவது என்று சினிமாப் படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். இங்கிலாந்தில் 1946இல் ஒருவர் கோமாளிகளின் முகங்களைக் கோழிமுட்டை ஓட்டின்மேல் வரைந்து சேர்த்து வைக்க ஆரம்பித்தார். அந்த வழக்கம் பிற்பாடு கோமாளிகளின் சங்கத்தில் நிலைத்து, ஒருவன் முகத்தை மற்றொருவன் திருடாமலிருக்க முட்டையே சாட்சியாயிற்று. நம்மிடம் முட்டை இல்லாவிட்டாலும் கொஞ்சம் வெட்கமாவது இருக்க வேண்டும்.

கடைசிக் காட்சியில் கோமாளி சாயத்தைத் துடைத்துவிட்டு, நேராய் நின்று ஜனங்களுக்குப் புத்திமதி சொல்லுவதாய் வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். புத்திமதி சொல்ல என்னைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். நாடகம் முடிந்த பிறகு வேண்டுமானால் எனக்குப் பத்து நிமிஷம் மேடையைக் கொடுங்கள், நான் பேசிக் கொள்ளுகிறேன்.

மற்றொன்று. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அந்தச் சிவப்புப் பொடியின் பொட்டலத்தில் என்ன சரக்கு என்று எழுதவே இல்லை. அதை முகத்தில் வைக்க வேண்டாம். எந்தச் சாயமானாலும் முந்தின நாள் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி, தடிப்பு அரிப்பு இல்லையென்று தெரிந்த பிறகு முகத்துக்குப் போங்கள். கலைக்கும்போது சுரண்டாமல் தேங்காயெண்ணெய் விட்டுத் துணியால் துடையுங்கள். எனக்குக் கடைசி பஸ் பத்தரைக்குத்தான். அதற்குள் இரண்டாவது காட்சியை ஒரு தடவை மாற்றி ஆடிக் காட்டுங்கள். பண்ணையார் வேஷம் போடுகிற தோழர் முன்னால் வரட்டும்.