இணைப்பதும் பிரிப்பதும்

 

"நெட்வொர்க் இன்ஜினியர்னா என்னப்பா வேலை?" என்று ஊரில் கேட்பார்கள். "கம்ப்யூட்டர்களை இணைக்கிற வேலை" என்பேன், விட்டுவிடுவார்கள். உங்களிடம் அப்படித் தப்பிக்க முடியாது. அது பாதிதான். மறுபாதி, பிரித்து வைக்கிற வேலை.

வீட்டில் ஒரே ஒரு ரௌட்டர். அப்பாவின் செல்போன், அக்காவின் லேப்டாப், டி.வி. எல்லாம் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. யாரும் யாரோடும் பேசலாம். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் அப்படி விட முடியுமா? அங்கே மாடிக்கு மாடி ஸ்விட்ச், ஊர்களை இணைக்க லீஸ்டு லைன், வெளிவாசலில் ஃபயர்வால். ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருந்தாலும், வி-லான் என்ற ஏற்பாட்டால் கணக்குப் பிரிவு ஓர் அறை, விருந்தினர் வைஃபை வேறு அறை. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்கு ரௌட்டர் வழியாகத்தான் போக வேண்டும். யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று அங்கே விதி எழுதி வைக்கலாம். இத்தனையும் சேர்ந்ததுதான் என்டர்பிரைஸ் நெட்வொர்க்.

சுவர் எதற்கு என்கிறீர்களா? டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைப் பாருங்கள். 2017 ஜூன் 27 அன்று, உக்ரைனில் ஒரு வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியே நாட்பெட்யா என்ற நாசநிரல் உள்ளே நுழைந்தது. ஒரு கம்ப்யூட்டரில் கிடைத்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டே அடுத்ததற்குத் தாவும் ரகம் அது. தடுக்கப் போதிய சுவர் இல்லை. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்த அவர்களது முனையம் வரை வேலை நின்றது. பிறகு 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

யார் உள்ளே வரலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொள்பவை. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் எல்லாமே சேர்ந்து அழிந்தன. கானாவில் இருந்த ஒன்றைத் தவிர! அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்ததால் அது பிழைத்தது. அங்கிருந்த லைனில் அவ்வளவு தகவலை அனுப்பவும் வேகம் போதவில்லை. ஹார்ட் டிஸ்க்கை விமானத்தில் கையோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்.

கவனியுங்கள். அங்கே காப்பாற்றியது இணைப்பு அல்ல, இணைப்பு அறுந்திருந்ததுதான். அந்தப் பிரிவைத் தற்செயலுக்கு விடாமல் நாமே திட்டமிட்டு வைப்பதுதான் இன்ஜினியரிங்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் ஒரு நெட்வொர்க் படம் வரையும்போது, எது எதனோடு பேச வேண்டும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எது எதனோடு பேசத் தேவையில்லை என்றும் கேளுங்கள். இந்தப் பிரதி தவறினால் இன்னொரு பிரதி தனியாக எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.