கலங்கும் உள்ளத்துக்கு எந்த மாத்திரை?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் பேசியது)



உங்கள் காணிக்கை இங்கே மருந்தாகவும் மாறுகிறது. அந்த மருந்தைத் தெரிந்துகொள்வது சில நேரம் எத்தனை கடினம் என்று இன்று சொல்ல விரும்புகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு சகோதரி வந்தார்கள். நாலு வருஷமாகக் காரணமில்லாத பயம், படபடப்பு, தூக்கமின்மை. ஈ.சி.ஜி.யில் குறையில்லை. பையில் அல்பிரசோலம் அட்டை ஒன்று. கடையில் சீட்டில்லாமல் வாங்கியதாம். 2014 முதல் அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டின்றி விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி, கடை இப்படி!

"இதைப் போட்டா அரை மணியில அடங்குதும்மா, இதையே எழுதிக் குடுங்க" என்றார்கள். டாக்டரம்மா உடனே எழுதவில்லை. தைராய்டு மிகுந்தாலும் இதே படபடப்பு வருமென்று இரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டார்கள். இருந்தால் புரோப்பனலால் ஆகாது. கடைசியில் எஸ்சிட்டலோபிராம், சிறிய அளவில். அரை மணியில் அடக்கும் மாத்திரைக்குச் சில வாரங்களிலேயே உடல் பழகி, அளவு ஏறிக்கொண்டே போகலாம். இது அப்படியல்ல. ஆனால் பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாட்களில் குமட்டும். சிலருக்குப் பதற்றமே கூடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். பழைய மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஏன் படிப்படியாக? இங்கே என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன் சபை ஊழியத்தில் இருந்தபோது, நெடுநாள் டயசிபாம் சாப்பிட்டுவந்த ஒரு சகோதரரிடம், "மாத்திரையை விட்டுவிட்டு ஆண்டவரை நம்புங்கள்" என்றேன். அவர் என்னையும் நம்பினார். பத்து நாளுக்குள் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தேவகிருபையால் பிழைத்தார். செமினரியில் கிரேக்கம் படித்தேன், இதைப் படிக்கவில்லை.

இப்போதெல்லாம் நோயாளியோடு ஜெபித்து முடித்ததும் நான் கேட்பது, "இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா?" என்பதுதான்.

அந்தச் சகோதரிக்கு மறுபடி வருவதென்றால் ஒரு நாள் கூலி போகும். ஆனாலும் ஐந்தாம் வாரம் வந்தார்கள். முதல் தடவை கணவர் கையைப் பிடித்து வந்தவர்கள், இந்த முறை தனியாகப் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பழைய மாத்திரை இப்போது பாதி அளவுக்குக் குறைந்திருக்கிறது.