கேமராவுக்கு முன்னாடி ஒரு நோட்டு

ஷார்ட் ஃபிலிம் எடுக்கணும்னு கிளம்புற காலேஜ் பசங்க முதல்ல கேட்கிற கேள்வி, "எந்த கேமராவுல எடுக்கலாம்?" உண்மையில அது கடைசியா கேட்க வேண்டியது. முதல் கேள்வி இதுதான்: பத்து ஃப்ரெண்ட்ஸோட ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்க கேட்டு வாங்கப் போறீங்க. அந்த ஒரு நாளுக்குள்ள உங்க கதை அடங்குமா?

ஏன்னா மாணவர் படங்கள் பலதும் பாதியில நிக்கிறது ரெண்டாவது நாள்ல. நடிகருக்கு இன்டர்னல் எக்ஸாம், வீட்டுச் சாவி கிடைக்கலை, ஹீரோ தாடியை எடுத்துட்டு வந்து நிப்பார். படம் ஹார்ட் டிஸ்க்லயே தூங்கிடும்.

கிறிஸ்டோபர் நோலனோட முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்', 1998ல வந்தது. செலவு சுமார் 6,000 டாலர்தான். டீம்ல எல்லாரும் வேற வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தவங்க. அதனால சனிக்கிழமைகள்ல எடுத்தாங்க, ஏறக்குறைய ஒரு வருஷம் ஆச்சு. 16 எம்.எம். ஃபிலிம்ல எடுத்ததால ஒவ்வொரு டேக்குக்கும் காசு. அதுக்காக நாடகத்துக்குப் பண்ற மாதிரி முன்கூட்டியே ஒத்திகை பார்த்துட்டு, ஒண்ணு ரெண்டு டேக்ல முடிச்சாங்க. நமக்கு மெமரி கார்டு இருக்கு, டேக்குக்குக் காசு இல்லை. அந்தத் தைரியத்துல ஒத்திகையையே ஸ்பாட்டுலதான் ஆரம்பிக்கிறோம். அப்போ செலவாகிறது மத்தவங்க நேரம்.

சரி, நோட்டை எடுங்க. வழக்கமான ஸ்கிரிப்ட் ஃபார்மட்ல ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிஷப் படம். ஒவ்வொரு சீனுக்கும் எந்த இடம், பகலா இரவா, யார் யார், என்ன பொருள், என்ன உடை என்று தனித்தனியா எழுதுங்க. இதுதான் பிரேக்டவுன். எழுதும்போதே தெரிஞ்சிடும், ரெண்டு வரி ஆஸ்பத்திரி சீனுக்காக அரை நாள் போகப் போகுதுன்னு. அந்த விஷயத்தை ஒரு போன் கால்ல சொல்ல முடியுமான்னு இப்பவே யோசிங்க.

அடுத்து ஷாட் கணக்கு. 25 ஷாட் வச்சிருக்கீங்க, லைட் மாத்தி, ஃப்ரேம் வச்சு, எடுத்து முடிக்க ஒவ்வொண்ணுக்கும் 20 நிமிஷம்னு வச்சுக்கோங்க. 500 நிமிஷம்! எட்டு மணி நேரத்துக்கு மேல. இதுல சாப்பாட்டு நேரம் சேரலை. அதனால எது இல்லாட்டி கதையே புரியாதோ, அந்த ஷாட்டுக்கு ஸ்டார் போடுங்க. அதை முதல்ல எடுங்க.

லொகேஷன் பார்க்கப் போறப்போ கண்ணால மட்டும் பார்க்காதீங்க. எந்த நேரத்துல எடுக்கப் போறீங்களோ அதே நேரத்துக்குப் போய், ரெண்டு நிமிஷம் கண்ணை மூடி நில்லுங்க. மோட்டார் சத்தம், குக்கர் விசில், பக்கத்து வீட்டு சீரியல், தண்ணி லாரி ஹார்ன் எல்லாம் அப்போதான் கேட்கும். படம் கொஞ்சம் இருட்டா இருந்தாலும் ஆடியன்ஸ் மன்னிப்பாங்க. வசனம் கேட்கலைன்னா ஸ்கிப் பண்ணிடுவாங்க. ஷூட் அன்னைக்கு ஃபேன், ஃப்ரிட்ஜ் ஆஃப். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ரூமோட அமைதியை மட்டும் 30 செகண்ட் பதிவு பண்ணிக்கோங்க, எடிட்ல இடைவெளிகளை நிரப்ப உதவும்.

அனுமதி விஷயம். அபார்ட்மென்ட்னா வீட்டுக்காரர் சரின்னா போதாது. அசோசியேஷன்ல பேசணும், வாட்ச்மேன்கிட்டயும் சொல்லணும். பீச், மெட்ரோ ஸ்டேஷன் மாதிரி இடங்களுக்கு முறையான அனுமதி வேணும். அது கிடைக்கிற வரைக்கும் அந்த சீனை மொட்டை மாடிக்கு மாத்தி எழுதிப் பாருங்க. சில சமயம் கதை இன்னும் நல்லாவே ஆகும்.

கடைசியா, மனுஷங்க. முந்தின நாளே ஒரு கால் ஷீட் அனுப்புங்க: எங்க வரணும், எத்தனை மணிக்கு, யார் நம்பர், எப்போ முடியும். பட்ஜெட்ல முதல் வரி சாப்பாடு, லென்ஸ் வாடகை அதுக்கு அப்புறம். காசு வாங்காம வந்தவங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுறதும், சொன்ன நேரத்துல வீட்டுக்கு அனுப்புறதும்தான் உங்க அடுத்த படத்துக்கான முதலீடு. அன்னைக்கு ராத்திரியே ஃபுட்டேஜை ரெண்டு இடத்துல காப்பி பண்ணிட்டுத் தூங்குங்க.

இந்த வாரம் ஒரு வேலை: உங்க ஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு சீனை எடுத்து பிரேக்டவுன் போடுங்க. போட்ட பிறகும் அதை எடுக்கணும்னு ஆசை இருந்தா, அந்தப் படம் முடியும். அடுத்த எபிசோட்ல எடிட்டிங் பத்திப் பேசலாம்.