கூலியும் கொழுந்தும்



நியாயமான கூலி எது? தொகையை மட்டும் பார்த்து விடை கூறுதல் பொருந்தாது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த சம்பள நிர்ணய சபை, 2021இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலியை, அடிப்படை 900 ரூபா, படி 100 ரூபா, ஆக 1000 ரூபா என விதித்தது. மகிழ்ந்தோம். ஆயின், தோட்டங்கள் பலவற்றில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது. நிறை குறைந்தால் அரைப்பேர்; வேலைநாளும் குறைந்தால் ஆயிரம் எங்கே?

இதனால் முதலாளிக்கேனும் இலாபமா? இளைஞர் கொழும்புக்குச் செல்கின்றனர், கொழுந்தெடுக்க ஆளில்லை.

ஆகவே கூலி, நிறை, வேலைநாள் ஆகிய மூன்றையும் இரு தரப்பாரும் கூடியிருந்து ஒருங்கே தீர்மானித்தல் வேண்டும். வயலுக்கு ஆள் அமர்த்தும் கமக்காரரும், கந்தோர் நடத்தும் கனவான்களும் இதனை உணர்வார்களாக. தராசு ஒருவர் கையில் மட்டும் இருக்கும்வரை நியாயவிலை பிறவாது!