1926: சுப்பராயன் அமைச்சரவையை யார் அமைத்தது?

  

பழைய திருச்செங்கோடு தாலுகாவில் நாம் கூடியிருக்கும் இந்தக் குமாரபாளையமும் இருந்தது, குமாரமங்கலமும் இருந்தது. அந்தக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். அவரை ஆளுநரின் கைப்பாவை என்று நண்பர்கள் சிலர் கருத்தரங்குதோறும் சொல்லிவருகிறார்கள். அதற்கு நான் எழுதிய மறுப்புகளை இங்கே பலர் படித்திருப்பீர்கள். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆளுநரின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதை ஓர் ஒப்பீட்டால் பார்ப்போம்: 1777இல் நியூயார்க்கில் சொத்துடையோர் வாக்களித்து ஜார்ஜ் கிளின்டனை ஆளுநராக்கினார்கள். சென்னையிலும் சொத்துடையோருக்கே வாக்கு. 1920 தேர்தலில் சுமார் நான்கு கோடி மக்களில் வாக்குரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டரை லட்சம் பேர்தான். ஆனால் இங்கே ஆளுநர் லண்டனிலிருந்து வந்தார். மந்திரிகளை அமர்த்தியவரும் அவரே. சில துறைகளை மந்திரிகளுக்கும் மற்றவற்றை ஆளுநரின் நிர்வாகக் குழுவுக்கும் பிரித்த இரட்டையாட்சிச் சட்டம் அப்படி.

இனி 1926 நவம்பருக்கு வருவோம். மாகாணச் சட்டசபையில் தேர்தலுக்குரிய இடங்கள் 98. சுயராஜ்யக் கட்சிக்கு 41, நீதிக்கட்சிக்கு 21. ஆளுநர் கோஷன் முதலில் அழைத்தது சுயராஜ்யக் கட்சியைத்தான். இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்பது அவர்கள் கொள்கை, மறுத்தார்கள். நீதிக்கட்சியும் ஒதுங்கிக்கொண்டது. எந்தக் கட்சியையும் சாராத சுப்பராயன் அதன் பிறகே வந்தார். அ. ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகள். ஆக, வென்றவர்கள் காலியாக விட்ட நாற்காலி அது. ஆளுநர் பறித்துக் கொடுத்ததன்று.

நியமன உறுப்பினர் 34 பேரின் பலத்தில் நின்றாரே என்பார்கள். நின்றார்தான். ஆனால் 1923இல் நீதிக்கட்சி முதல் மந்திரி பனகல் அரசர்மீது சி. ஆர். ரெட்டி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 44க்கு 65 என்று தோற்றதே, அந்த 65இலும் நியமன உறுப்பினர்கள் உண்டு. பனகல் அரசரை யாரும் கைப்பாவை என்பதில்லை. 1928இல் சைமன் கமிஷனைப் புறக்கணிக்கும் விவகாரத்தில் இரு மந்திரிகளும் விலக, சுப்பராயன் நீடித்தார். அப்போது அவரைத் தாங்கியது யார்? அதுவரை எதிர்வரிசையிலிருந்து ஏசிய நீதிக்கட்சி! அக்கட்சியின் கிருஷ்ணன் நாயர் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றார். கைப்பாவை என்றால் எல்லோரும் கைப்பாவைகளே. கயிறு சட்டத்தில் இருந்தது. தனிமனிதர்மேல் பழி போடுவது வரலாறாகாது.

விலகிய மந்திரிகளுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவரான முத்தையா முதலியாரின் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணை, 1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைத் துணைத்தலைவரானது, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சுப்பராயன் சேர்ந்தது ஆகியவற்றை நான் எழுதவிருக்கும் நூலில் விரிப்பேன்.

ஆய்வு மாணவர்களுக்கு: சேலம் மாவட்ட வாக்காளர் பட்டியல்களைத் தேடுங்கள். இவ்வூர் நெசவாளர்களில் யாருக்கு வாக்கு இருந்தது என்று பாருங்கள். நிலவுடைமையாளர் தொகுதிகளைத் தனியே ஆராயலாம். சபை நடவடிக்கைக் குறிப்புகளில் வாக்குப்பிரிவுகளை எண்ணிப் பார்க்கலாம். மற்ற மாகாணங்களோடு ஒப்பீடும் தேவை.