படகின் அடித்தளம்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்றவன் படகைப் பற்றிப் பேச வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் படகு கட்டுபவன் அல்லேன். கடலுக்குச் செல்பவனும் அல்லேன். ஆயினும் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தலைமை ஆசிரியனாக இருந்து, ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே தங்கிவிட்டவன். என்னிடம் படித்த பிள்ளைகளுள் பலர் இன்று கடல் தொழில் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவனுடைய படகைத் திருத்திய வரலாற்றையும், அதில் நான் இழைத்த பிழையையும் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் கரையில் முன்பு கட்டுமரங்களே மிகுதி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் பொங்கி வந்த ஆழிப்பேரலை அவற்றுள் பலவற்றை வாரிக்கொண்டு போயிற்று. அதன் பின்னர் ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்து, அவ்விழைகளை விரிப்பாக்கி, ரெசின் என்னும் பிசினில் நனைத்து அச்சில் அடுக்கடுக்காகப் படிய வைக்கிறார்கள். பிசின் இறுகியதும் முழுவதும் ஒரே ஓடாகிவிடுகிறது. வலுவைத் தருவது இழை. இழைகளைப் பிணித்து நிறுத்துவது பிசின். கரையான் அரிக்காது, துருவும் பிடிக்காது. ஆகவே ஃபைபருக்கு அழிவே இல்லை என்று பலரும் எண்ணிவிட்டார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன்.

ஆனால் அந்த ஓடு மெல்லியது. அலை மோதும்போது அது நெளியாதிருக்க, உட்புறத்தில் நீளவாட்டில் விட்டங்களும் குறுக்கே தடுப்புகளும் வேண்டும். பல படகுகளில் இவற்றை மரத்தாலோ ஒட்டுப்பலகையாலோ செய்து, மேலே ஃபைபரைப் போர்த்தி விடுகிறார்கள். அவற்றின் மேல்தான் நாம் கால் வைக்கும் தளம் அமைகிறது. கண்ணுக்குத் தெரிவது தளம்; படகைத் தாங்குவதோ தெரியாத விட்டம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், என் பழைய மாணவன் என்னிடம் வந்தான். “ஐயா, தளத்தில் ஓரிடத்தில் கால் வைத்தால் அமுங்குகிறது. தளத்தை அறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?” என்று கேட்டான். அவனுடைய கவலை எனக்குத் தெரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சிறிய படகுகளுக்கு அத்தடை இல்லை. மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் அந்நாட்களே அவன் குடும்பத்துக்கு அறுவடைக் காலம். அதில் மூன்று வாரத்தை இழப்பதா?

நான் தயங்காமல் சொன்னேன்: “தம்பி, இப்போதைக்கு மேலே ஒரு பலகையைப் போட்டுத் திருகாணியால் முடுக்கிவிடு. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” ஆசிரியர் சொல்லைத் தட்டாதவன் அவன், அப்படியே செய்தான். அமுங்கல் நின்றது. நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.

அடுத்த ஆண்டு படகு கனத்தது. எண்ணெய்ச் செலவு கூடியது. ஒரு நாள், அவனும் அவன் தம்பியும் கரை திரும்பும் வேளையில், அடிப்பக்கத்து ஓடு விட்டத்தின் ஓரமாக விரிசல் கண்டு தண்ணீர் உட்புகுந்தது. ஒருவர் இறைக்க, ஒருவர் ஓட்ட, அருகில் வந்த படகுக்காரர்கள் கயிறு கொடுத்து இழுத்து வந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் படகு பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவர் வந்தார். சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலித்தது. கெட்ட இடத்தில் மந்தமாக ஒலித்தது. ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டுத் தளத்தை அறுத்துத் தூக்கினார். உள்ளே விட்டத்து மரம் ஊறிய தேங்காய் நார்க்கழிவு போலக் கையோடு வந்தது. நான் முடுக்கச் சொன்ன திருகாணிகள் ஒவ்வொன்றும் தண்ணீர் இறங்க வழி செய்திருந்தன. வெளித் தண்ணீரைத் தடுக்கும் அதே போர்வை, உட்புகுந்த தண்ணீரை வெளியேற விடாமலும் காத்து நின்றது.

இனித் திருத்திய முறையைக் கேளுங்கள். முதலில் படகின் அடி முழுவதும் சமமாகத் தாங்கப்படுமாறு கட்டைகளைக் கொடுத்தோம். இல்லையேல் விட்டத்தை எடுத்ததும் ஓடு உருக்குலையும். குலைந்த உருவத்திலேயே புது விட்டமும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எல்லா விட்டங்களையும் ஒன்றாக எடுக்காமல், ஒன்றை எடுத்து அளவு பார்த்துப் புதியது வைத்த பின்னரே அடுத்ததைத் தொட்டோம். ஈரம் முற்றும் உலரும்வரை காத்திருந்தோம். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பழைய பரப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினோம். அத்தூள் நுரையீரலுக்குப் பகை.

ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்டை நூறு பங்குக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே சேர்க்க வேண்டும். மிகுந்தால் கலவை கொதித்து வெடிப்புக் காணும். அதையும் கோபால்ட் என்னும் முடுக்கியையும் நேராக ஒன்றுடன் ஒன்று கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். ஆகையால் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பின்னரே மற்றதைச் சேர்ப்பார்கள். பள்ளியில் சதவீதக் கணக்கைக் கண்டு அஞ்சிய என் மாணவன், அளவுக் கிண்ணத்தை ஏந்தித் துளி பிசகாமல் அளந்ததை நான் கண்டேன்.

கடலுக்கு ஏற்ற ஒட்டுப்பலகையால் விட்டங்களைச் செய்து, மூலைகளைப் பசையால் வளைவாக நிரப்பி, மேலே இழைவிரிப்பை அடுக்கினோம். ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிட அகலமாக இருக்க வேண்டும். காற்றுக் குமிழி நில்லாதபடி உருளையால் அழுத்தினோம். தண்ணீர் தேங்காமல் ஓட விட்டங்களில் துளையிட்டு, துளைகளின் உட்புறத்தையும் ரெசினால் மூடினோம். புதுத் தளப்பலகைக்கு மேல், கீழ், விளிம்பு எங்கும் பூச்சுக் கொடுத்த பின்னரே அதைப் பொருத்தினோம்.

வேலைக்கு மூன்று வாரம் ஆயிற்று. முன்பு இழக்க மனமில்லாத அதே மூன்று வாரந்தான். வருமானம் போயிற்று, கூலியும் சேர்ந்தது. அதில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். அவன் மறுத்தான். “தம்பி, இது உதவியன்று, நான் சொன்ன தவறான விடைக்கு நானே செலுத்தும் அபராதம்” என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

நேயர்களே, பின்னக் கணக்குத் தெரியாத பிள்ளையை மேல் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, ‘அங்கே பார்த்துக்கொள்வார்கள்’ என்று நானும் சில முறை இருந்திருக்கிறேன். அதுவும் அழுகிய விட்டத்தின் மேல் பலகை போட்டதேயன்றி வேறென்ன? தளம் அமுங்கினால் அது நமக்குச் செய்தி சொல்கிறது. அச்செய்தியின் வாயைப் பலகையால் மூடாமல், திறந்து பார்க்கும் துணிவு வேண்டும்.

இப்போது அந்தப் படகு நாள்தோறும் கடலுக்குப் போய் வருகிறது. மாலையில் கரைக்கு வரும்போது என் மாணவன் தளத்தைக் காலால் ஒரு முறை தட்டிக் காட்டுவான். கணீரென்று ஒலிக்கும்.