புத்தகத்தைத் தெரிந்தெடுப்பது யார்?

(இணைய வழியாகக் கூடிப் படிக்கும் ஒரு வாசகர் வட்டத்தின் முதலாண்டு நிறைவுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மை இங்கு பேச அழைத்தவர்கள், "அடுத்த ஆண்டுக்குப் பன்னிரண்டு புத்தகங்களின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டதைக் கொண்டுவராமல் வேறொன்றைக் கொண்டுவந்திருக்கின்றோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது யோக்கியமாகும். நாம் ஒரு ஜாபிதாவை வாசிப்பதும், நீங்கள் அதை எழுதிக்கொள்வதும், பிறகு "விஷயம் தெரிந்தவர் சொன்னது" என்று அதையே ஓராண்டு படித்துக் கொண்டிருப்பதுமானால், புரோகிதர் குறித்துக் கொடுத்த நாளில் கலியாணம் செய்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவராவது தட்சணை வாங்கிக்கொண்டு போவார். நாம் அதுவும் வாங்கப் போவதில்லை.

ஆகவே என்ன புத்தகம் என்பதைப் பற்றியல்ல, அதைத் தெரிந்தெடுப்பது யார் என்பதைப் பற்றியே சிறிது பேசலாம் என்று உத்தேசிக்கின்றோம். இது ஒரு சில்லறை விஷயமென்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். அப்படி நினைத்ததன் பலனாக எங்கள் வட்டத்தில் பதினேழு பேரை இழந்தோம்.

அது நடந்த விதத்தைச் சொல்லுகின்றோம். எங்கள் வட்டம் தொடங்கும்போது இருபத்தாறு பேர். கோயமுத்தூரில் சிலர், திருநெல்வேலியில் சிலர், சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்ப்பவர்கள் சிலர். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அவரவர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் கூடுவோம். ஒரு மாதத்திற்கு ஒரு புத்தகம். அதைத் தெரிந்தெடுக்கும் வேலையை நாமும் இன்னும் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டோம். ஏற்றுக்கொண்டோம் என்பது மரியாதைக்காகச் சொல்லும் வார்த்தை. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டோம் என்பதே உண்மை. ஏனென்றால் நாங்கள் மூவரும் நிறையப் படித்தவர்கள் என்பது எங்களுடைய அபிப்பிராயம். நல்ல புத்தகங்களாகத்தான் தெரிந்தெடுத்தோம். இன்றைக்கும் அவற்றை நல்ல புத்தகங்கள் என்றே சொல்லுவோம். ஏழாவது மாதம் பார்த்தால் ஒன்பது பேர் இருந்தார்கள்.

சண்டை போட்டுக்கொண்டு போனவர் ஒருவருமில்லை. ஒருவர் வீட்டில் விருந்தாளி வந்திருந்தார். ஒருவருக்கு சிக்னல் கிடைக்கவில்லை. ஒருவருக்கு வேலை ஜாஸ்தி. நேரில் கூடுகின்ற கூட்டமாயிருந்தால் காலியான நாற்காலியாவது கண்ணை உறுத்தும். திரையில் கூடுகின்ற கூட்டத்தில் காலி நாற்காலி என்பதே கிடையாது. ஒரு கட்டம் போய்விட்டால் மற்றக் கட்டங்கள் நெருங்கி நின்று அந்த இடத்தை மூடிக்கொள்ளும். இப்படிப் பதினேழு கட்டங்கள் மூடிக்கொண்டதை நாங்கள் கவனிக்கவேயில்லை. பிறகு, நின்றுவிட்டவர்களில் ஒரு அம்மையாரை, துணிக்கடையில் வேலை பார்ப்பவர், கூப்பிட்டு விசாரித்தோம். அவர் மிகவும் மரியாதையாகவே சொன்னார்: "உங்கள் புத்தகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு எதற்கு ஞாயிற்றுக்கிழமை?"

தோழர்களே! இந்தத் தவறு எங்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்களைவிட எத்தனையோ மடங்கு கெட்டிக்காரர்கள் இதைச் செய்திருக்கின்றார்கள். 1936-ஆம் ஆண்டு லண்டனில் 'லெஃப்ட் புக் கிளப்' என்று ஒன்று ஏற்பட்டது. இடதுசாரிப் புத்தகக் கழகம் என்று சொல்லலாம். விக்டர் கொலான்ஸ் என்ற பதிப்பாளர் தொடங்கியது. மாதம் ஒரு புத்தகம், ஆரஞ்சு நிற அட்டை, சந்தாதாரர்களுக்கு விலை இரண்டரை ஷில்லிங். புத்தகத்தைத் தெரிந்தெடுப்பவர்கள் மூன்று பேர்: கொலான்ஸ், ஹெரால்ட் லாஸ்கி, ஜான் ஸ்ட்ரேச்சி. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி பலத்துக்கொண்டிருந்த காலம். ஜனங்களுக்கு உண்மையைத் தெரிவிக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம். கழகம் காட்டுத்தீயைப் போலப் பரவிற்று. 1939-இல் அங்கத்தினர்கள் ஏறக்குறைய 57,000 பேர். ஊர் ஊராக ஆயிரத்துக்கு மேற்பட்ட படிப்புக் குழுக்கள். இன்று கைப்பேசி வைத்துக்கொண்டு நாம் திண்டாடுகின்ற காரியத்தைத் தபாலையும் ரயிலையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். இதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் 57,000 பேர் படிப்பதற்கு மூன்று பேர் தெரிந்தெடுத்தால் என்ன நேரும்? 1937-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'தி ரோட் டு விகன் பியர்' என்ற புத்தகம் கழகத்தின் வெளியீடாக வந்தது. அதன் முற்பகுதி சுரங்கத் தொழிலாளிகளின் கஷ்டத்தைச் சொல்லுவது. பிற்பகுதியோ, நடுத்தர வகுப்பிலிருந்து வந்த சோஷலிஸ்டுகள் தொழிலாளியைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கின்றார்கள் என்று தோலை உரிப்பது. கொலான்ஸுக்கு முற்பகுதி இனித்தது, பிற்பகுதி கசந்தது. என்ன செய்தார்? பிற்பகுதியோடு தமக்கு உடன்பாடில்லை என்பதை விளக்கித் தாமே ஒரு முன்னுரை எழுதி முதலில் சேர்த்தார். வாசகர் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, அதை எப்படி எண்ணவேண்டும் என்று சொல்லியாய்விட்டது! பிறகு அதே ஆர்வெல் ஸ்பெயின் தேசத்து யுத்தத்தில் தாம் கண்டதை எழுதப் போகின்றார் என்று தெரிந்தபோது, அதை வெளியிட முடியாது என்று எழுதுவதற்கு முன்பே மறுத்துவிட்டார். கம்யூனிஸ்டுகளைக் குறை கூறும் புத்தகமாக அது இருக்கும் என்பதே காரணம். வேறொரு பதிப்பாளர் 1938-இல் அதை வெளியிட்டார்.

1939 ஆகஸ்டில் ஸ்டாலினுடைய சர்க்காரும் ஹிட்லருடைய சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டன. மூன்றாண்டுக் காலம் ஒரே பக்கத்துச் செய்தியையே பெரும்பாலும் படித்து வந்தவர்களுக்கு அது தலையில் இடி விழுந்தது போலிருந்தது. தெரிந்தெடுத்தவர்களே திகைத்தார்கள். கொலான்ஸ் பிற்பாடு தம்முடைய பழைய நண்பர்களைக் கண்டித்துப் புத்தகமே போட்டார் என்பது உண்மை. அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஆனால் கழகம் முன்னிருந்த நிலைக்குத் திரும்பவேயில்லை. 1948-இல் மூடப்பட்டது.

நிற்க. மூன்று பேர் தெரிந்தெடுப்பது தப்பு என்றால் ஓட்டுப் போட்டுவிடலாமே என்பீர்கள். நாங்களும் போட்டோம். வாட்ஸ்அப்பில் ஓட்டு. 'பொன்னியின் செல்வன்' படம் 2022-இல் வந்திருந்த சமயம். பெருவாரியான ஓட்டில் அந்த நாவல் ஜெயித்தது. ஐந்து பாகம்! கல்கி மூன்றரை ஆண்டு வாரவாரம் எழுதியதை ஒரு மாதத்தில் படித்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டவர்கள் நாங்கள். முடித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் படத்தைப் பற்றிப் பேசினார்கள். ஓட்டு என்பது பெயர் தெரிந்த புத்தகத்துக்கே விழுகின்றது என்பதை அப்போது கற்றுக்கொண்டோம்.

ஆனால் ஓட்டே உதவாது என்று சொல்லிவிடவும் முடியவில்லை. ஏனென்றால் கியூபா தேசத்துச் சுருட்டுத் தொழிலாளிகளின் கதை நமக்கு நினைவுக்கு வருகின்றது. 1865-ஆம் ஆண்டு ஹவானா நகரத்தில் 'எல் ஃபிகாரோ' என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கிற்று. நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து புகையிலை சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் புத்தகத்தை உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளியல்ல. தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். என்ன படிக்கவேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. எழுத்துத் தெரியாதவன் புத்தகம் தெரிந்தெடுத்தான் என்பதைக் கவனியுங்கள். அடுத்த ஆண்டே, 1866-இல், சர்க்கார் தடை உத்தரவுப் போட்டுவிட்டது! காலையில் பத்திரிகை, பிற்பகலில் நாவல் என்று கேட்கின்ற கூலிக்காரன் சாயங்காலத்தில் கேள்வி கேட்பான் அல்லவா?

தடையோடு அந்த வழக்கம் ஒழிந்துவிடவில்லை. அங்கிருந்து அமெரிக்காவின் டாம்பா நகரத்துக்குப் போன தொழிலாளிகள் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே 1931-இல் முதலாளிகள் படிப்பவரை வெளியேற்றிவிட்டார்கள். பிறகு அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவில் யார் தெரிந்தெடுப்பது என்பது உங்களுக்குத் தெரியும். கியூபாவில் இன்றும் அந்த வழக்கம் இருக்கின்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் அண்டையில் கண்ணூரில் பீடி சுற்றும் தொழிலாளிகளுக்கிடையே ஒருவர் பத்திரிகை படிக்க, அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்திருக்கின்றார்கள். நம் ஊர்த் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம் உண்டு.

அவர்கள் ஓட்டு ஏன் பலித்தது, எங்கள் ஓட்டு ஏன் பலிக்கவில்லை? அவர்கள் ஒரே கூரையின் கீழ் ஒரே வேலை செய்தவர்கள். பிடிக்காத புத்தகத்தையும் நாள் முழுவதும் காதால் கேட்டுத் தீரவேண்டியவர்கள். நமக்கோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். ஆகையால் நமக்கு வேறு வழி வேண்டியிருந்தது. எங்களிடம் எஞ்சியிருந்த ஒன்பது பேரும், திரும்பி வரச் சம்மதித்த சிலரும் சேர்ந்து சீட்டுக் குலுக்கினோம். யார் பெயர் விழுகின்றதோ அவர் சொல்லும் புத்தகம். ஏன் என்று காரணம் சொல்லவேண்டும், அவ்வளவே. விலையும் கிடைக்கும் இடமும் தவிர வேறெதைச் சொல்லியும் மற்றவர்கள் தடுக்கக்கூடாது. ஒருமுறை விழுந்த பெயர் எல்லார் முறையும் முடியும்வரை மறுபடியும் விழாது.

மூன்றாவது மாதம், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர் பெயர் விழுந்தது. ஓராண்டாகக் காமிராவை மூடி வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் வந்துபோனவர். பாமாவின் 'கருக்கு' என்றார். 1992-இல் வந்த புத்தகம். தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்த ஒரு பெண் தம் வாழ்க்கையைத் தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. உடனே ஒரு பெரியவர், தமிழ்ப் புலமை உள்ளவர், "ஆட்சேபணை ஒன்றுமில்லை, ஆனால் பாஷை கொச்சையாக இருக்கின்றதே" என்றார். நாமும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். விதி இருந்ததால் பிழைத்தோம். அன்றிரவு அந்த இளைஞர் சில பக்கங்களை உரக்கப் படித்தார். நிறுத்திவிட்டுத் தம் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் காமிராவைத் திறந்ததும் அன்றுதான். பெரியவர் தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் கொச்சைதான் என்கின்றார். ஆனால் நான்கைந்து வார்த்தைகளுக்கு அந்த இளைஞரிடம் அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டார். புலவர் ஒருவர் பனியன் கம்பெனித் தொழிலாளியிடம் தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

அதேபோல் ஒரு அம்மையார் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை' என்ற 1936-ஆம் ஆண்டு நாவலைச் சொன்னார். பெண்களைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசும் எங்களில் எத்தனை பேர் அதைப் படித்திருந்தோம் என்ற கணக்கை இங்கு சொல்லாமல் விடுகின்றோம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்நூறு ரூபாய்ப் புத்தகம் என்றால் நம்மில் சிலருக்கு அது ஒரு நாள் கூலி. ஆகவே நூலகத்தில் கிடைக்குமா, நாட்டுடைமையான நூலா என்று பார்க்கவேண்டும். நாட்டுடைமையான நூல்களை யாரும் அச்சிடலாம். இணையத்தில் இலவசமாகவும் பல கிடைக்கின்றன. ஆனால் நேற்று வந்த புத்தகத்தை யாரோ படம்பிடித்துப் போட்டதை வாங்கிப் படித்துவிட்டு, தொழிலாளியின் உழைப்பைச் சுரண்டுவதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை இரவு பேசுவது அழகல்ல. எழுதியவரும் தொழிலாளிதான்.

இன்னொன்று. எங்களில் ஒருவருக்குக் கண் பார்வை கிடையாது. கைப்பேசி எழுத்தை உரக்கப் படித்துச் சொல்ல, அதைக் கேட்டுப் படிப்பவர். நாங்கள் ஒருமுறை ஒரு பழைய நூலின் பக்கங்களைப் படமாக அனுப்பி வைத்தோம். "நீங்கள் அனுப்பியதைக் கண்டதும் என் கைப்பேசி வாயை மூடிக்கொண்டது" என்றார் அவர். படமாக எடுத்த பக்கம் அவருக்கு வெறுஞ்சுவர். எழுத்தாகத் தட்டிய பக்கந்தான் புத்தகம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது இருந்தாலும் பழைய அச்சைக் கண்டால் தடுமாறுகின்றன. 1998 முதல் 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் தொண்டர்கள் பழைய தமிழ் நூல்களை எழுத்தாகத் தட்டி வைத்திருக்கின்றார்களே, அந்த உழைப்பின் அருமை அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. அதுமுதல், அவர் படிக்க முடியாத புத்தகத்தை எங்களில் ஒருவர் முறைவைத்து அவருக்குப் படித்துக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புத்தகம் அந்த மாதம் கிடையாது என்று வைத்துக்கொண்டோம்.

சீட்டு முறையில் நமக்குப் பிடிக்காத புத்தகம் வருமே என்று கேட்கலாம். வரும். ஒருமுறை 'பெரிய புராணம்' வந்தது! எங்களில் பலர் அதைத் திட்டியிருந்தோமே தவிர, படித்ததில்லை என்பது அந்த மாதம் வெளியாயிற்று. சில பகுதிகளைப் படித்த பிறகு திட்டுவதற்குப் புதிதாகச் சில காரணங்கள் கிடைத்தன. நாங்கள் வழக்கமாகச் சொல்லிவந்த இரண்டு காரணங்கள் அதில் இல்லவே இல்லை என்பதும் தெரிந்தது.

நேரமாகிவிட்டது. எங்கள் வட்டத்தில் இந்த மாதச் சீட்டு கலியாணங்களுக்குச் சமையல் வேலைக்குப் போகும் ஒரு அம்மையாருக்கு விழுந்திருக்கின்றது. அவர் சொல்லியிருப்பது 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. சமையல் புத்தகத்தை எப்படி விவாதிப்பது என்று மூன்று பேர் முகத்தைச் சுளித்திருக்கின்றார்கள். அதில் யார் வீட்டுச் சமையல் இருக்கின்றது, யார் வீட்டுச் சமையல் இல்லை என்று கேட்கப் போவதாக அவர் சொல்லுகின்றார். கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நாம் இன்னும் பாதிகூடப் படிக்கவில்லை, ஆகையால் விடைபெற்றுக்கொள்ளுகின்றோம்.